டப்பிங் அண்ணன் திருத்திய படம்

சண்டைப் படங்களைப் பற்றி முழுசாகத் தெரிந்தவர்கள் இந்த உலகத்தில் இரண்டே பேர். ஒருவர் ஹாங்காங் பக்கம் எங்கேயாவது இருக்கக்கூடும், நான் பார்த்ததில்லை. இன்னொருவர் திருப்பூருக்குப் பக்கத்தில் அருள்புரத்தில், ஒரு பனியன் கம்பெனியின் அயர்னிங் செக்‌ஷனில், டீ-ஷர்ட்டுகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அவரோடு நான் மூன்று வருடம் ஒரே ஹாஸ்டலில் சாப்பிட்டிருக்கிறேன்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது அவருடைய அடையாள அட்டைக்கு மட்டும் தெரியும். எங்களுக்கு அவர் டப்பிங் அண்ணன். ஐம்பதைத் தாண்டிய வயது, குட்டையான உருவம், ஆவியில் வெந்து வெந்து பளபளப்பாகிவிட்ட முகம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "ஞாயித்துக்கெழமை படம் பாக்க உடுவாங்களான்னு தெரியலீங்களே" என்பார். தமாஷுக்குச் சொல்கிறார் என்று முதல் ஆறு மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து அங்கே மெர்ச்சண்டைசராகச் சேர்ந்தவன். வெளிநாட்டுக்காரர் கேட்பதைக் கம்பெனிக்கும், கம்பெனியால் முடியாததை வெளிநாட்டுக்காரருக்கும் பக்குவமாகச் சொல்லும் வேலை அது. சேர்ந்த நான்காம் நாள் ஒரு சாம்பிள் சட்டையை அவசரமாக இஸ்திரி போட்டு வாங்கிவர அவரிடம் அனுப்பினார்கள். கூரியர்காரர் கேட்டில் நிற்கிறார். அண்ணன் சட்டையை விரித்தார், ஒரு தடவை ஸ்டீம் அடித்தார், பேச்சுவாக்கில் கேட்டார்.

"போன வாரம் வந்த அந்தச் சண்டைப் பட ரீமேக்கப் பாத்தீங்களா தம்பி?"

"பாத்தேண்ணே. நல்லாத்தான் இருந்திச்சு."

இஸ்திரிப் பெட்டி நின்றது. அதை ஓரமாக வைத்துவிட்டுத் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"நல்லா இருந்துச்சுங்களா," என்றார். அது கேள்வியாக இல்லை. எக்ஸ்ரே படத்தைப் பார்த்தபடி டாக்டர் நோயின் பெயரைச் சொல்வதுபோல் இருந்தது.

"பழைய படத்துல அந்தக் குரு மலைப்படியில ஏறி வருவாருங்க. தலையிலிருந்து கால் வரைக்கும் முழு ஆளும் தெரியும். ஒரே ஷாட்டுல பதினேழு அடி அடிப்பாருங்க. நான் எண்ணியிருக்கறனுங்க. புதுசுல என்ன பண்றான்? கையக் காட்டறான், கட் பண்றான். மூஞ்சியக் காட்டறான், கட் பண்றான். எவன் எவன அடிச்சான்னே தெரியலீங்க. நம்ம கட்டிங் செக்‌ஷன்ல கூட இத்தன கட் பண்ணமாட்டாங்க."

"சரிண்ணே, கூரியர்..."

"அத உடுங்க. அந்தக் குருவோட சட்டையப் பாத்தீங்களா? முந்நூறு வருசத்துக்கு முன்னாடி நடக்கற கதை. மனுசன் குகையில படுக்கறாரு. வெளிய வந்தாச் சட்டைக் கைமடிப்பு கத்தியாட்ட நிக்குது. குகைக்குள்ள எவனுங்க ஸ்டீம் அயர்ன் போட்டு உட்டான்?"

கூரியர்காரர் போய்விட்டார். அந்தச் சட்டை மறுநாள்தான் ஜெர்மனிக்குப் புறப்பட்டது. தாமதத்துக்கு விளக்கம் கேட்டு வந்த மின்னஞ்சலுக்கு, 'தரம் குறித்து விரிவான விவாதம் நடந்தது' என்று பதில் எழுதினேன். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

டப்பிங் என்ற பெயர் அவருக்கு ஒரு சீனாக்காரரால் வந்தது. கம்பெனி புதிதாக வாங்கிய, துணி பின்னும் நிட்டிங் மெஷினைப் பொருத்துவதற்காக சீனாவிலிருந்து ஒரு டெக்னீஷியன் வந்து பதினொரு நாள் தங்கினார். அவருக்கு ஆங்கிலம் 'ஓகே' அளவுக்குத்தான் வரும். அண்ணன் தினமும் அவர் சட்டையைக் கேட்டு வாங்கி இஸ்திரி போட்டுக் கொடுத்தார். மத்தியானச் சாப்பாட்டில் பக்கத்தில் உட்கார்ந்து மோர் ஊற்றினார். நான்காம் நாள், "அவரு பேசறது எனக்குப் புரியுதுங்க" என்று அறிவித்தார். நாங்கள் சிரித்தோம்.

ஒன்பதாம் நாள் மெஷின் நின்றது. சீனாக்காரர் அதைச் சுற்றிச் சுற்றி வந்து, கையை ஆட்டி, ஐந்து நிமிஷம் கோபமாக ஏதோ சொன்னார். மேனேஜர் தன் போனில் மொழிபெயர்க்கும் ஆப்பைத் திறந்து நீட்டினார். மற்ற மெஷின்களின் இரைச்சலில் அது குழம்பிப்போய், 'என் மாமாவின் வாத்து நனைந்துவிட்டது' என்றது. யாரோ ஓடிப்போய் அண்ணனைக் கூட்டிவந்தார்கள்.

அண்ணன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு முழுவதையும் கேட்டார். பிறகு மேனேஜர் பக்கம் திரும்பினார்.

"ஆயில் சரியாப் போகலீங்களாம். குழாய்ல அடைப்பாம். இப்படியே ஓட்டுனா ஊசி பூராம் போயிரும், அப்பறம் என்ர மேல பழி சொல்லக்கூடாதுங்கறாரு."

குழாயைக் கழற்றிப் பார்த்தார்கள். அடைப்பு இருந்தது. சீனாக்காரர் அண்ணனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து அண்ணனுக்குச் சீன மொழி தெரியும் என்பதில் கம்பெனியில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எனக்கும் இல்லை.

ஊருக்குப் போகும்போது அந்தச் சீனாக்காரர் ஒரு பென் டிரைவைப் பரிசாகக் கொடுத்துவிட்டுப் போனார். அதில் பதினொரு பழைய சண்டைப் படங்கள். எல்லாம் சீன மொழியில். கீழே எந்த மொழியிலும் எழுத்துக் கிடையாது.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றால் எங்கள் ஹாஸ்டல் ஹாலில் கறிச்சோறு முடிந்ததும் காட்சி ஆரம்பமாகிவிடும். தெற்கத்திக்காரர்கள், கொங்குக்காரர்கள், பீகார்காரர்கள், ஒடிசாக்காரர்கள் எல்லோரும் பாய் விரித்து உட்காருவோம். அண்ணன் சனிக்கிழமை சாயங்காலமே தனியாக ஒரு தடவை படத்தைப் பார்த்து வைத்திருப்பார். ஞாயிறு மத்தியானம் டி.வி.க்குப் பக்கத்தில் கட்டிங் செக்‌ஷன் ஸ்கேலோடு நின்றுகொண்டு எல்லாக் குரலையும் அவரே பேசுவார். குரு வந்தால் நெஞ்சிலிருந்து பேசுவார். வில்லன் வந்தால் மூக்கால். கதாநாயகி வந்தால் தலையில் துண்டைப் போட்டுக்கொள்வார். தமிழ் பாதிதான் புரியும் ஆட்களுக்கு மீதியை நடித்தே காட்டிவிடுவார். ஒரு தடவை மாடியிலிருந்து குதிப்பதைக் காட்டப்போய் வாட்டர் கேன் மேல் விழுந்து, எழுந்து, வசனம் விட்டுப்போகாமல் தொடர்ந்தார்.

முதல் வரிசையில் சந்தன் என்று ஒரு பீகார்க்காரர் உட்கார்ந்திருப்பார். பேக்கிங் செக்‌ஷனில் வேலை. கையில் நிலக்கடலைப் பொட்டலம். ஒரு ஞாயிறு கூட அவர் வராமல் இருந்ததில்லை.

இனி ஜெபராஜையும் செல்வினையும் சொல்ல வேண்டும். அண்ணன் தம்பி, நாசரேத் பக்கம். இரண்டு பேரும் கட்டிங் செக்‌ஷன். ஜெபராஜ் கட்டிங் மாஸ்டர். செல்வின், அடுக்கிய துணியை வெட்டும் பேண்ட் நைஃப் மெஷினில் நின்றான். ஒருநாள் ஜெபராஜ் மேனேஜரிடம் போய் என்னவோ சொன்னார். மறுநாள் செல்வினை அந்த மெஷினிலிருந்து எடுத்துப் பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள். மெஷின் ஆள் என்ற மதிப்பு போய், அட்டைப் பெட்டிக்கு டேப் ஒட்டும் வேலை. சொந்த அண்ணனே தன்னைப் போட்டுக்கொடுத்துவிட்டான் என்று செல்வின் பேச்சை நிறுத்தினான். ஜெபராஜ் விளக்கம் சொல்கிற ஆள் இல்லை. அவரும் நிறுத்தினார்.

இரண்டு பேருக்கும் ஹாஸ்டலில் ஒரே அறை. அடுக்குக் கட்டிலில் மேலே தம்பி, கீழே அண்ணன். அதே அறையில் பக்கத்துக் கட்டில் என்னுடையது என்பதால் நடுவில் நான் மாட்டிக்கொண்டேன்.

"அவன்ட்ட லைட்ட அமத்தச் சொல்லுங்க," என்பார் ஜெபராஜ்.

"கையெட்டுற தூரத்துலதான சுவிட்ச் இருக்கு, அவரயே அமத்தச் சொல்லுங்க," என்பான் செல்வின்.

கடைசியில் நான் எழுந்துபோய் அணைப்பேன். இப்படி எட்டு மாதம். ஞாயிற்றுக்கிழமைப் படத்துக்கு இரண்டு பேரும் வருவார்கள். எதிரெதிர்ச் சுவரில் சாய்ந்து உட்காருவார்கள்.

அந்தச் சமயத்தில்தான் பென் டிரைவிலிருந்து ஏழாவது படம் வந்தது. ஒரு ஆற்றங்கரை ஊர். ஒரே குருவிடம் வித்தை படிக்கும் அண்ணன் தம்பி. ஊரை எரிக்க வரும் ஒரு தளபதி. தம்பி அவனை எதிர்க்கக் கிளம்புகிறான். அண்ணன்காரன் நேராகப் போய்த் தளபதி முன்னால் மண்டியிட்டுத் தம்பி ஒளிந்திருக்கும் இடத்தைக் கை நீட்டிக் காட்டுகிறான். இது பாஷை தெரியாமலே எங்களுக்குப் புரிந்தது.

"துரோகி," என்றான் செல்வின். ஹால் முழுக்கக் கேட்டது. எதிர்ச் சுவரில் ஜெபராஜ் அசையவில்லை.

டப்பிங் அண்ணன் ரிமோட்டை எடுத்துப் படத்தை நிறுத்தினார். அதுவரை எந்தப் படத்தையும் அவர் நடுவில் நிறுத்தியதில்லை.

"அவசரப்படாதீங்க கண்ணு. அவன் என்ன சொல்றான்னு கேளுங்க. 'தளபதி, நாளைக்கு நீ ஆத்தங்கரையில படைய நிறுத்தப்போறே. என்ர தம்பி அங்க வந்தாச் செத்துப்போவான். சொன்னாக் கேக்கமாட்டான், அவன் புடிவாதக்காரன். அதனால இன்னைக்கே புடிச்சு உள்ள போட்டுரு. என்னைய அவன் ஆயுசுக்கும் திட்டட்டும். உசுரோட இருந்து திட்டட்டும்.' இதத்தான் சொல்றானுங்க."

திரையில் அந்த நடிகர் மொத்தமே நாலு வார்த்தை பேசியிருப்பார். நாலு வார்த்தைக்கு இவ்வளவு அர்த்தமா என்று யாரோ கேட்டும்விட்டார்கள்.

"சீன பாஷை சுருக்கமானதுங்க," என்றார் அண்ணன்.

படத்தின் கடைசியில் ஒரு பாலத்தின் மேல் அண்ணனும் தம்பியும் மோதினார்கள். அண்ணன்காரன் மார்பில் கத்தி இறங்கியது. ஆற்றில் விழுந்தான். அடுத்த காட்சியில் ஊரே வெள்ளை உடுத்தி நின்றது, மேளம் அடித்தார்கள், அம்மாக்காரி தரையில் புரண்டு அழுதாள்.

"செத்துட்டானாண்ணே?" என்று ஒருவர் கேட்டார்.

"யாருங்க சொன்னது? மீன்காரங்க தூக்கிட்டாங்க. காயம் ஆறிப்போச்சு. இது அவனுக்குக் கல்யாணமுங்க. அவங்கூர்ல கல்யாணத்துக்கு வெள்ளதான் கட்டுவாங்க."

"அம்மா அழுவுதே?"

"உங்க ஊட்டுக் கல்யாணத்துல அம்மா அழுவலீங்களா?"

"மாப்பிள்ளையக் காணோம்?"

"உள்ள துணி மாத்தறானுங்க. அங்கெல்லாம் கேமரா போவாது."

"அந்த நீளப் பெட்டி?"

அண்ணன் ஒரு விநாடி திரையைப் பார்த்தார். "சீருங்க," என்றார்.

மறுநாள் செல்வின் அயர்னிங் செக்‌ஷனுக்கு வந்ததை நான் பார்த்தேன். "அந்த அண்ணன் நெசமாவே அதுக்குத்தான் காட்டிக்குடுத்தானாண்ணே?" என்று கேட்டான். "நெசமாலுமேதான் கண்ணு" என்றார் டப்பிங் அண்ணன், நிமிராமல், ஒரு காலரைத் தேய்த்தபடி. செல்வின் பேக்கிங்குக்குத் திரும்பிப் போனான். அதற்குப் பிறகும் அறையில் லைட்டை அணைக்க நான்தான் எழ வேண்டியிருந்தது. ஆனால் 'அவரயே அமத்தச் சொல்லுங்க' என்ற பதில் மட்டும் நின்றுபோனது.

ஆறு வாரம் கழித்து அந்தப் படத்தின் ரீமேக் வந்தது. பெரிய செலவில், தமிழில் டப் செய்து, திருப்பூர் தியேட்டரிலேயே. சுவரெல்லாம் போஸ்டர். ஹாஸ்டலில் வேறு பேச்சே இல்லை. ஞாயிறு மத்தியானக் காட்சிக்கு இரண்டு வேன் பேசி முப்பது பேர் போனோம். டப்பிங் அண்ணன் தன் சட்டைக்குத் தானே இஸ்திரி போட்டு, மடிப்புக் கலையாமல் வேனில் நின்றுகொண்டே வந்தார்.

"ஒரிஜினல்ல பாதி இருந்தாப் போதுமுங்க, நான் எந்திரிச்சுக் கை தட்டறேன்," என்று வழியெல்லாம் சொன்னார்.

படம் ஆரம்பித்து அரை மணி நேரம் எனக்குப் பிடித்தே இருந்தது. ஆறு நிஜ ஆறாக ஓடியது. அடி விழும் சத்தம் நாற்காலியில் கேட்டது. அதை அண்ணனிடம் சொல்லும் தைரியம்தான் இல்லை. பிறகு அந்தக் காட்சி வந்தது. அண்ணன்காரன் தளபதி முன்னால் மண்டியிட்டு, சுத்தமான தமிழில், முப்பது பேருக்கும் புரியும்படி சொன்னான்: "என் தம்பியைக் காட்டிக்கொடுக்கிறேன். பதிலுக்கு எனக்குப் பதவி வேண்டும்."

முப்பது தலைகள் டப்பிங் அண்ணன் பக்கம் திரும்பின.

"கெடுத்துட்டாங்க," என்றார் அவர். குரலில் ஒரு சந்தேகமும் இல்லை.

இடைவேளையில் பாப்கார்ன் கவுண்டருக்குப் பக்கத்தில் எங்கள் கூட்டம் கூடியது. அண்ணன் கையை வீசி விளக்கிக்கொண்டிருந்தார். ஒரிஜினலில் அண்ணன் பாத்திரம் எப்பேர்ப்பட்டது, அதை எப்படிப் பதவி ஆசை பிடித்தவனாக மாற்றிவிட்டார்கள் என்று. பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒருவர் மனைவியோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவரால் பொறுக்க முடியவில்லை.

"சார், ஒரிஜினல்லயும் இதே கதைதான். நான் சப்டைட்டிலோட ரெண்டு தடவை பாத்திருக்கேன்."

"கீழ எழுத்துப் போடறவங்க அவசரத்துல தப்புத்தப்பாப் போடுவாங்கொ," என்றார் அண்ணன் மரியாதையாக.

"இல்ல சார். பதவிக்காகத்தான் காட்டிக்குடுப்பான். கடைசியில செத்துடுவான். சவ ஊர்வலமெல்லாம் காட்டுவாங்களே."

பின்னாலிருந்து செல்வின் முன்னுக்கு வந்தான். முகம் வெளுத்திருந்தது.

"அப்போ நீங்க சொன்னது பொய்யாண்ணே?"

டப்பிங் அண்ணன் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. பதினொரு படத்தில் அத்தனை பேருக்கும் குரல் கொடுத்த மனிதர் அவர். அவரை அப்படி நான் பார்த்ததில்லை. கொஞ்சம் தள்ளி நின்ற ஜெபராஜ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் பாத்துச்சு," என்று ஒரு குரல். சந்தன். "ஹிந்தில. எங்க ஊர்ல டிவில போட்டான். அண்ணா சொல்றது கரெக்ட். அந்தப் பெரிய பாயி நல்லவன். இந்த சார் பாத்தது வேற படம்." சொல்லிவிட்டு ஒரு கடலையை வாயில் போட்டுக்கொண்டார்.

கண்ணாடிக்காரர் போனை எடுத்துக் காட்டப்போனார். நல்லவேளை, மணி அடித்துவிட்டது.

இரண்டாம் பாதியில் பாலம் வந்தது. தம்பி கத்தியை ஓங்கினான். அண்ணன்காரன் பல்லைக் கடித்தபடி, "உன்னைப் போன்ற மூடனோடு பிறந்ததுதான் என் பாவம்" என்றான்.

டப்பிங் அண்ணன் எழுந்து நின்றார்.

"இல்லீங்க. அவன் அப்படிச் சொல்லலீங்க," என்றார் தியேட்டர் முழுவதற்கும். பிறகு ஹாஸ்டல் ஹாலில் பேசும் அதே நெஞ்சுக் குரலில், தமிழ்ப் படத்துக்கு மேலேயே தமிழில் பேச ஆரம்பித்துவிட்டார். "தம்பீ, உன்ர கையால செத்தாலும் எனக்குச் சந்தோசம், ஆனா ஒரு வார்த்தை கேட்டுட்டுக் கொல்லு..."

"உக்காருய்யா," என்று பின்வரிசை. "நீங்க சொல்லுங்கண்ணே," என்று எங்கள் வரிசைகள். டார்ச் லைட்டோடு ஒருவர் வந்தார்.

"ஐயா, கொஞ்சம் வெளிய வாங்க."

"வர்றனுங்க. இந்த ஒரு சண்டை முடிஞ்சரட்டும்."

முடியவிடவில்லை. அவரைக் கூட்டிப்போக, முப்பது பேரும் பின்னாலேயே எழுந்து வந்துவிட்டோம். வெளியே மத்தியான வெயில் கண்ணைக் கூசியது. கார் நிறுத்தும் இடத்தில் எல்லோரும் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றோம்.

"மிச்சக் கதை இருக்குதுங்களே," என்றார் டப்பிங் அண்ணன். தரையில் கார்களுக்காக அடித்திருந்த இரண்டு வெள்ளைக் கோடுகளைக் காட்டினார். "இதுதான் பாலம். ஜெபா, நீங்க இங்க வாங்க. செல்வின் கண்ணு, நீ அங்க."

"எனக்கு இதெல்லாம் வராதுண்ணே," என்றார் ஜெபராஜ்.

"வரவேண்டாமுங்க. நின்னாப் போதும்."

பார்க்கிங்காரரின் தடியைக் கேட்டு வாங்கிச் செல்வின் கையில் கொடுத்தார். "ஒடச்சராதீங்க," என்று சொல்லிவிட்டுப் பார்க்கிங்காரரும் கூட்டத்தோடு நின்றுகொண்டார். முப்பது பேரும் சுற்றி நின்றதில் அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் நகர வழியில்லை.

"'அண்ணா, ஏன் என்னையக் காட்டிக்குடுத்தே?' அப்படின்னு கேளுங் கண்ணு."

செல்வின் தடியைப் பிடித்தபடி நின்றான். எட்டு மாதத்தில் முதல் தடவையாக அண்ணன் முகத்தைப் பார்த்தான்.

"ஏன் என்னக் காட்டிக்குடுத்த?" என்றான். அதில் நடிப்பு இல்லை.

ஜெபராஜ் திரும்பி டப்பிங் அண்ணனைப் பார்த்தார். வசனம் எடுத்துக் கொடுப்பார் என்று எதிர்பார்த்தார். நாங்களும் எதிர்பார்த்தோம். டப்பிங் அண்ணன் வாயை இறுக மூடிக்கொண்டு, எங்கோ பெட்ரோல் பங்க்கைப் பார்த்தபடி நின்றார்.

"நீ கிளவுஸ் போட மாட்டேங்க," என்றார் ஜெபராஜ் கடைசியில். பேண்ட் நைஃபில் நிற்பவர்கள் கையில் இரும்பு வலைக் கிளவுஸ் போட வேண்டும். கனமாக இருக்கிறது என்று பலர் கழற்றி வைத்துவிடுவார்கள். "பத்து தடவ சொன்னேன். அன்னைக்குக் கத்தி ஒன் பெருவிரலு கிட்ட வந்து போச்சு. நீ என்னன்னா சிரிச்சுக்கிட்டு நிக்க. எனக்கு அன்னைக்குச் சோறு எறங்கல. விரலு போச்சுன்னா அம்மைக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்? அதான் மேனேஜர்ட்டப் போயி, இவன அந்த மெஷின்லருந்து தூக்கிருங்கன்னேன்."

"அத எங்கிட்டச் சொல்லிருக்கலாம்லா."

"சொன்னாக் கேக்குற ஆளா நீ?"

"எட்டு மாசமா ஒரு வார்த்த சொல்லலியே."

"நீ கேக்கவே இல்லியே."

ஒடிசாக்காரர்களுக்குக் கூட யாரும் நடித்துக் காட்டத் தேவைப்படவில்லை.

"ஏனுங், காரு எடுக்கறாங்க. கொஞ்சம் அக்கட்ட நகந்து சண்ட போடுங்க," என்றார் பார்க்கிங்காரர். எல்லோரும் நகர்ந்தோம். அவர் தன் தடியை வாங்கிப் பார்த்து வைத்துக்கொண்டார்.

வேனில் ஏறியதும் ஜன்னல் சீட்டுக்காக ஜெபராஜும் செல்வினும் சண்டை போட்டார்கள். எட்டு மாதத்துக்குப் பிறகு, நடுவில் நான் இல்லாமல் அவர்களே நேரடியாகப் போட்ட முதல் சண்டை அது. எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

எனக்குப் பக்கத்தில் சந்தன். குரலைத் தாழ்த்தி அவரிடம் கேட்டேன். "ஹிந்தியில அந்த அண்ணன் நெசமாவே நல்லவனா?"

"இல்ல பாயி. கெட்டவன். செத்துட்டான். நான் எட்டு தடவ பாத்துச்சு."

"அப்போ அன்னைக்கு ஹால்ல உங்களுக்குத் தெரியுமா?"

"முதல் படம்லிருந்து தெரியும். எல்லாப் படமும் ஹிந்தில வந்துச்சு. அண்ணா ஒண்ணு கூடக் கரெக்டா சொல்லல."

"பிறகு ஏன் ஒவ்வொரு ஞாயிறும் வந்து உக்காந்தீங்க?"

சந்தன் என்னைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தார். "ஹிந்திப் படம்ல அம்மா அழுவுது, படம் முடிஞ்சுது. அண்ணா படம்ல கல்யாணம் இருக்கு. உனக்கு எது வேணும்?"

திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாக அயர்னிங் செக்‌ஷனுக்குப் போனேன். முந்தின ராத்திரி அந்தப் பழைய படத்தை எழுத்தோடு தேடிப் பிடித்துப் பார்த்திருந்தேன். கண்ணாடிக்காரர் சொன்னது அத்தனையும் உண்மை.

"அண்ணே, ஒரிஜினல்லயும் அவன் கெட்டவன்தான். அது கல்யாணம் இல்ல."

"எனக்குத் தெரியாதுங்களா?" என்றார், ஒரு டீ-ஷர்ட்டை விரித்துக்கொண்டே. "ஊரே வெள்ளையக் கட்டிட்டு அழுவுது. பெட்டிக்குள்ள ஆளு படுத்திருக்கான். அதப் போய்க் கல்யாணமுன்னு எவனாவது நினைப்பானுங்களா?"

"அப்போ சீன மொழி?"

"ஒரு எழுத்துத் தெரியாதுங்க."

"அன்னைக்கு அந்த மெஷின்ல அடைப்புன்னு சொன்னீங்களே?"

"மூணு நாளா துணியில ஊசிக்கோடு வந்துட்டு இருந்துச்சுங்க, ஆயில் சரியாப் போகாட்டித்தான் அப்படிக் கோடு உழும். இஸ்திரி போடறவன் கண்ணுக்கு அது தெரியும். அதுக்கெதுக்குங்க சீன மொழி?"

"அப்போ ஏண்ணே படத்த அப்படி மாத்திச் சொன்னீங்க?"

ஸ்டீம் ஒரு தடவை சீறியது. அது அடங்கும்வரை அவர் காத்திருந்தார்.

"நீங்களே பாத்தீங்களே. இந்தச் சுவத்துல ஒருத்தன் சாஞ்சு உக்காந்திருக்கான், அந்தச் சுவத்துல ஒருத்தன். ரெண்டு பேரும் என்ர வாயையே பாத்துட்டு இருக்கறாங்க. அந்நேரம் நான் வேற என்னத்தச் சொல்றதுங்க?"

பேச்சை மாற்றுவதற்காக, "ஆனா பாவம் அந்த ரீமேக்க வீணாத் திட்டிட்டோம்ணே. ஒரிஜினல்ல இருக்கறத அப்படியே தானே எடுத்திருக்கான்" என்றேன்.

இஸ்திரிப் பெட்டி நின்றது. அதை ஓரமாக வைத்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன், அன்றைக்கும் ஒரு கூரியர் இருந்தது.

"அதாங் தம்பி என்ர கோவமே. ஒரிஜினல் எடுத்தவன் ஏதோ அவசரத்துல தப்பா எடுத்துட்டான். மன்னிச்சு உட்டரலாம். இவனுக்கு இத்தன வருசம் டைம் இருந்துச்சு, இத்தன வசதி இருந்துச்சு. திருத்தி எடுத்திருக்க வேண்டாமுங்களா? சட்டை மடிப்பத்தான் திருத்தியிருக்கான்."

இப்போது நான் சென்னையில் பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைக்கிறேன். டப்பிங் அண்ணன் அதே கம்பெனியில், அதே டேபிளில் இருக்கிறார். ஜெபராஜும் செல்வினும் ஊரில் ஒரே காம்பவுண்டில் வீடு கட்டிக்கொண்டு, சுற்றுச்சுவர் உயரத்துக்காக மறுபடி சண்டை போட்டிருப்பதாகக் கேள்வி. பேச்சு நிற்கவில்லையாம்.

போன மாதம் இன்னொரு பழைய சண்டைப் படத்தின் ரீமேக் வெளியானது. விமர்சனம் எழுதித் தரச் சொன்னார்கள். பார்த்தேன். முழு ஆளும் தெரிகிறது, நீளமான ஷாட்டுகள் இருக்கின்றன, யார் யாரை அடித்தார்கள் என்று புரிகிறது. ஒரிஜினலுக்குக் குறைவில்லாமல்தான் எடுத்திருக்கிறார்கள். இருந்தும் ஒரு வரிகூட எழுதவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குத் திருப்பூருக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன். படத்தின் கடைசியில் ஒரு நல்ல மனிதன் அநியாயமாகச் செத்துப்போகிறான். டப்பிங் அண்ணன் ஒரு தடவை பார்த்துவிட்டால் அவன் பிழைத்துக்கொள்வான்.